ஊக்குக்கு மேலே

கடையில் ரெண்டு நிமிஷம் மாட்டிப் பார்க்கையில்
எல்லா வாரும் நல்ல வார்தான்.
வலி தாமதமாக வரும் விருந்தாளி.
ரிசப்ஷன் வரிசை பாதி நகர்ந்து
முதல் பந்தி கை கழுவிய பிறகு
இடது தோளில் வந்து உட்காரும்,
மொய் வைக்காது, எழுந்தும் போகாது.

என் பேஸ் கிட்டார் நாலு கிலோ அறுநூறு.
லீ பஜாரில் ஒரு மளிகைக் கடைத் தராசில்
துவரம்பருப்பை இறக்கிவிட்டு ஏற்றிப் பார்த்தது.
கல்லாவில் இருந்தவர் கேட்டார்:
"கிலோ என்ன விலைம்மா?"

முதல் வார் அதோடு இலவசமாக வந்தது.
ரெண்டு விரல் அகலம், நைலான்.
பட்டுப்புடவையில் பட்டதும் வழுக்கும்.
கையை எடுத்தால் பேஸின் தலை தரையைப் பார்க்கும்.
தாங்கிப் பிடிக்கவே இடது கைக்கு நேரம் சரி,
மிச்சத்தில் வாசித்தேன்.

எங்கள் ஆர்க்கெஸ்ட்ராவில் பெண்கள் பட்டு கட்ட வேண்டும்.
பாடுகிற செண்பகவல்லிக்குக் கையில் மைக் மட்டும்.
எனக்கு முந்தானைக்கும் இடது தோள்,
வாருக்கும் இடது தோள்,
நடுவில் மாட்டிக்கொண்டது ஊக்கு.
ஆடியில் குகைப் பக்கம் ஒரு கோயில் கச்சேரி.
பதினேழாவது பாட்டில் ஊக்கு வாயைத் திறந்தது.
சரணம் முடிய இன்னும் எட்டு வரி.
எட்டையும் வாசித்தேன்.
ரவிக்கையில் பொட்டளவு சிவப்பு.
"இன்னிக்கு உங்க முகத்துல ஒரு ஃபீல் இருந்துச்சுக்கா"
என்றான் டிரம்ஸ் குணாளன்.

ரெண்டாவது, தோல் வார். ஐந்து ரோட்டில் வாங்கினேன், ஆயிரத்து எண்ணூறு.
வழுக்கவில்லை. அசையவும் விடவில்லை.
சரிகையைப் பிடித்து இழுத்தது, மெதுவான பாட்டில் கிறீச்சிட்டது.
மூன்றாவதில் பஞ்சு.
தாளத்துக்குத் தாளம் பேஸ் எம்பி எம்பி இறங்கியது,
பள்ளத்தில் விழுந்த மினி பஸ் மாதிரி.

அப்புறம்தான் கடையை நம்புவதை விட்டேன்.
வாரை மாட்டிக்கொண்டே சமைத்தேன்.
குக்கர் மூன்று விசில்,
ஒரு சீரியல் விளம்பரத்தோடு,
துணி மடிப்பு, மறுபடி ஒரு சீரியல்.
கீழ் வீட்டு ரெஜினா எட்டிப் பார்த்தாள்.
"கரண்ட் மாட்டல, சத்தமே வரல, யாருக்கு வாசிக்கிற?"
"தோளுக்கு."

சீலநாயக்கன்பட்டி பைபாஸில்
லாரிக்கு சீட் தைக்கிற அப்சல் சொன்னார்:
"டிரைவர் முதுகு எனக்கு அத்துபடி.
இந்த வலி தெரியாது. நீங்களே காட்டுங்க."
தையல் சாக்பீஸை என்னிடம் தந்துவிட்டுத்
திரும்பி நின்றுகொண்டார்.
ஊக்கு குத்தும் இடம், எலும்பு முட்டும் இடம்,
கழுத்து நரம்பு ஓடும் இடம்.
ரவிக்கைமேல் மூன்று வெள்ளைக் கோடு.

நாலு விரல் அகலத்துக்கு சீட் பெல்ட் நாடா,
அடியில் மெல்லிய வெல்வெட் தோல்,
ஊக்குக்கு மட்டும் ஒரு சின்னப் பள்ளம் விட்டுத் தைத்தார்.
நுனித் துளை கழன்றுவிடாமலிருக்க
சோடா பாட்டில் ரப்பர் வளையம் ரெண்டு.
முந்நூற்று இருபது ரூபாய், டீ அவர் செலவு.

மே மாதம். ஏற்காட்டில் ஒரு காபி எஸ்டேட் கல்யாணம்.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
வேனில் பேஸ் என் மடியில்.
பதினான்காவது வளைவில் செண்பகவல்லி ஜன்னலைத் திறந்தாள்,
எதற்கென்று எல்லோருக்கும் தெரியும்.

நாலரை மணி நேரம் நின்று வாசித்தேன்.
பனி வந்து ஸ்பீக்கர்மேல் உட்கார்ந்தது.
மாப்பிள்ளையின் சித்தப்பா
கேட்ட பாட்டையே மூன்று முறை கேட்டார்,
மூன்று முறையும் கொடுத்தோம்.
எப்போதும் வருகிற அந்த விருந்தாளியை
நடுநடுவே தேடிப் பார்த்தேன்.
வரவில்லை.
பேஸ் தானாகத் தொங்கியது, இடது கை காலியாக இருந்தது.
எத்தனையோ வருஷமாக விட்டுவிட்டுப் போன
ஒரு சின்னச் சுரத்தை
அன்றைக்குத் தொட்டுவிட்டு வந்தது.
யாரும் கவனிக்கவில்லை.
குணாளன் மட்டும் ஒரு தடவை திரும்பினான்.

பந்திக்குப் போகும்போதுதான் தெரிந்தது
குதிகால் ரெண்டும் தீயாக எரிவது.
இத்தனை நாள் அதுவும் எரிந்திருக்கும்,
தோள் பேசவிடவில்லை.

இலையில் கேசரி விழுந்தது.
நாளைக்குச் செருப்புக் கடை.